வெர்ஜில் லீசரின் வெயில் நிறுத்தம்

ஓடில் ஊர் அணி தோற்றால் அதற்கு அம்பயர் காரணம், மைதானம் காரணம், வடக்கே இருந்து அடித்த காற்று காரணம். ஜெயித்தால் மட்டும் ஓடில் ஊர் அணிதான் காரணம். இதில் ஊருக்குள் இரண்டாவது கருத்துக்கே இடம் கிடையாது. பச்சை டிராக்டர் வாங்கியவனும் சிவப்பு டிராக்டர் வாங்கியவனும் வேறு எதில் ஒத்துப்போனார்கள், சொல்லுங்கள்? இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அதே ஊரில் ஒருவர் அம்பயராகக் காலம் தள்ளினார் என்றால் அவருக்குத் தோல் தடித்திருக்க வேண்டும், இல்லை காது மந்தமாக இருக்க வேண்டும். வெர்ஜில் லீசருக்கு இரண்டும் இல்லை. பாவம், எல்லாம் நன்றாகவே உறைக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

தொழில் பால் லாரி ஓட்டுவது. விடிவதற்குள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். வாலிபத்தில் ஓடில் அணியின் கேட்சர் அவர்தான். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியே இருந்து இருந்து முழங்கால் போய்விட்டது. முழங்கால் போனவனுக்கு எங்கள் பக்கத்துப் பேஸ்பாலில் மிச்சம் இருப்பது இரண்டே வேலைகள்: ஒன்று மைதானத்துக் கடையில் பீர் விற்பது, இன்னொன்று அம்பயர். கடையில் ஏற்கெனவே மார்லிஸ் தீலன் என்ற பெண் உட்கார்ந்திருந்ததால் வெர்ஜில் அம்பயர் ஆனார்.

அந்த மார்லிஸ் அவரிடம் பேசிய முதல் பேச்சே ஒரு வசவு. பொரித்த சீஸ் துண்டுகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கடையின் சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"யோவ் அம்பயர்! கண்ணை வீட்ல ஃபிரிட்ஜ்லயா வச்சுட்டு வந்த?"

ஆட்டம் முடிந்ததும் வெர்ஜில் நேராகக் கடைக்குப் போனார். "ஃபிரிட்ஜ்ல பால்தான் இருக்கு. கண்ணு வைக்க இடம் இல்ல. நம்பிக்கை இல்லேன்னா வந்து பாரு" என்றார். மார்லிஸ் வந்து பார்த்தாள். மறு வசந்தத்தில் கல்யாணம். மார்லிஸின் அண்ணன் டுவேன் தீலன்தான் மாப்பிள்ளைத் தோழன். மச்சான்கள் இருவரும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள். கோடையில் பேஸ்பால், குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் ஒரு மரக்குடிசை, அதற்குள் பனியில் துளையிட்டு மீன்பிடி. டுவேன் ஓடில் அணியின் மேலாளர் ஆன பிறகும் இது மாறவில்லை. ஆட்ட நாளில் மட்டும் வெர்ஜில் அவனிடம் பேச மாட்டார். ஆட்ட நாளில் பெண்டாட்டி கடையில் ஒரு தொத்திறைச்சிகூடத் தின்ன மாட்டார். "உன் கையால சாப்பிட்டுட்டுப் போய் உன் அண்ணன் டீமுக்குத் தீர்ப்பு சொன்னா, பாக்குறவன் என்ன நினைப்பான்?" என்பார். "பசியில தீர்ப்பு சொன்னா மட்டும் சரியாவா சொல்லப்போற?" என்பாள் மார்லிஸ்.

பாக்குறவன் என்ன நினைப்பான். இந்த ஒரு கேள்விதான் வெர்ஜிலின் பலம். அவரைக் கவிழ்த்ததும் இதேதான்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மைதானத்தைச் சொல்ல வேண்டும். ஓடில் மைதானத்தைப் போட்ட புண்ணியவான்கள் திசை பார்க்காமல் போட்டுவிட்டார்கள். சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே யாரோ தானமாகக் கொடுத்த துண்டு நிலம், அதில் அப்படித்தான் அடங்கியது. பலன், ஆகஸ்ட் மாதச் சாயங்காலங்களில் சூரியன் தீவனக் கிடங்குக் கோபுரத்தின் தோளை விட்டு வெளியே வந்து, சீஸ் ஆலையின் கூரைக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும், முதல் பேஸில், அதாவது பந்தை அடித்தவன் முதலில் ஓடி வந்து மிதிக்க வேண்டிய திண்டில், நிற்பவன் மூஞ்சிக்கு நேரே நிற்கும். அவனுக்கு வீசப்படுகிற பந்து சூரியனுக்குள்ளிருந்து வரும். பக்கத்தில் நிற்கும் அம்பயருக்கும் அதே கதிதான்.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சூரியன் கோபுரத்தை விட்டதும் அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கி "வெயில்!" என்று கத்துவார். ஆட்டம் அப்படியே நின்றுவிடும். குழந்தைகள் மைதானத்துக்குள் ஓடுவார்கள். ஒலிபெருக்கியில் இறைச்சிக் குலுக்கல் நடக்கும், யாருக்காவது பன்றித் தொடை விழும். மார்லிஸின் கடையில் வரிசை சோளக்காடு வரை நீளும். சூரியன் கூரைக்குப் பின்னால் போனதும் எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். வெயில் நிறுத்தம் என்று பெயர். எப்போது நிறுத்துவது என்பது அம்பயர் இஷ்டம். அதில் யாரும் வாய் திறக்க முடியாது.

போன வருஷ ஆகஸ்டில் வெர்ஜில் நிறுத்தவில்லை.

தோற்றால் வெளியே போக வேண்டிய ஆட்டம். எதிரே மீர்வில் ஊர். கடைசிச் சுற்று, ஓட்டங்கள் சமம். மீர்வில் அடிக்கிறது, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் அவர்கள் முறை முடிந்தது; மூன்றாவது பேஸில் ஒருவன் ஓடிவந்து ஓட்டத்தை முடிக்கக் காத்திருக்கிறான். முதல் பேஸில் நிற்பது டுவேனின் மகன் கர்ட். பக்கத்தில் அம்பயராக வெர்ஜில். சூரியன் கோபுரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கையைத் தூக்க வேண்டிய நேரம். வெர்ஜிலுக்கு அது தெரியும். ஆனால் இப்போது நிறுத்தினால் வெயிலில் நிற்கும் கர்ட்டுக்குத்தான் லாபம். தன் ஊர், தன் மச்சானின் அணி, தன் மருமகன். மீர்வில்காரன் என்ன நினைப்பான்?

ஒரு பந்து போகட்டும் என்று விட்டார். அந்தப் பந்தைத்தான் மீர்வில்காரன் தரையோடு அடித்தான்.

பந்து முதல் பேஸுக்கு வீசப்பட்டது. அடித்தவன் பேஸை மிதிப்பதற்குள் பந்து கர்ட்டின் கையுறைக்குள் விழுந்தால் அவுட். கால் முந்திக்கொண்டால் சேஃப், மீர்வில்லுக்கு ஓட்டம். அம்பயர்களுக்கு ஒரு பாடம் உண்டு: கண் பேஸில் இருக்க வேண்டும், காது கையுறையில் இருக்க வேண்டும். வெர்ஜிலின் கண்ணில் வெறும் வெள்ளை. காதில் கூட்டத்தின் இரைச்சல். அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. ஆனாலும் கை இரண்டும் தானாகப் பக்கவாட்டில் விரிந்தன.

"சேஃப்!"

அதற்குப் பிறகு ஓடில் அணிக்கு அடிக்க வாய்ப்பு இருந்தது. மூன்று பேர் போனார்கள், மூன்று பேரும் போன வேகத்தில் திரும்பினார்கள். அதை ஊர் மறந்துவிட்டது. "வெர்ஜில் நம்மளைக் கவுத்துட்டான்" என்பது மட்டும் நின்றது.

எங்கள் ஊர்க்காரர்கள் கல்லெறிகிற ஜாதி இல்லை. அப்படி எறிந்தாலாவது தேவலை. பார்த்தால் தலையசைப்பார்கள். "மழை வரும்போலருக்கு" என்பார்கள். காபிக் கடையில் அவர் வழக்கமாக உட்காரும் மேசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும், ஆனால் அவர் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். டுவேன் அந்தத் தலையசைப்பைக்கூடக் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் டுவேன் வீட்டில்தான். வெர்ஜில் மார்லிஸை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, தனியாக முட்டை பொரித்துச் சாப்பிட்டார்.

குளிர்காலம் வந்தது. ஏரி உறைந்தது. வெர்ஜில் குடிசையை இழுத்துக்கொண்டு போய் வழக்கமான இடத்தில் நிறுத்தி, பனியில் இரண்டு துளைகள் போட்டார். ஒன்று தனக்கு. இன்னொன்று எதிர்ப் பக்கத்து ஸ்டூலுக்குக் கீழே. தனக்கான துளையில் தூண்டிலைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மெல்ல மெல்ல அது உறைந்து மூடிக்கொள்ளும். மறுநாள் போய்த் திரும்பவும் இரண்டு போடுவார். ஒருநாள் சூப் கொண்டுவந்த மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டாள். குடிசைக்கு வெளியே போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

அம்பயர் வேலையை அவர் விட்டுவிட்டார். நீலச் சட்டையை மட்டும் மார்லிஸ் துவைத்து, தேய்த்து, அவருடைய வண்டி இருக்கைக்குப் பின்னால் மாட்டியே வைத்திருந்தாள்.

"எதுக்கு இது?" என்றார் வெர்ஜில்.

"அலமாரியில இடம் இல்ல" என்றாள் மார்லிஸ்.

இந்த வருஷம் ஆகஸ்டிலும் சொல்லிவைத்தாற்போல் அதே மீர்வில், அதே மைதானம், தோற்றால் வெளியே. வெர்ஜில் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். ஊர் முழுக்க அடிப்பவனுக்குப் பின்னால் கூடியிருக்க, அவர் மட்டும் தொலைவில் இடது பக்க வேலியோரம், சோளக்காட்டை ஒட்டி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்பயராக வராத நாளில் சாப்பிடத் தடை இல்லை என்பதால் மடியில் ஒரு பொட்டலம் பொரித்த சீஸ்.

ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டியும் தொடங்கவில்லை. அடிப்பவனுக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். பேஸ் பக்கம் நிற்கும் அம்பயராக வர வேண்டியவர் வழியில் ஒரு மானை இடித்துவிட்டாராம். ஆளுக்கு ஒன்றும் இல்லை, வண்டி நகராது. இப்படி நேர்ந்தால் எங்கள் பக்கத்து வழக்கம், மைதானத்தில் இருக்கும் யாராவது ஒருவரை இரண்டு மேலாளர்களும் ஒத்துக்கொண்டு நிறுத்தலாம். இருவரில் ஒருவர் மாட்டேன் என்றாலும் ஆட்டம் இன்னொரு நாளைக்குப் போகும்.

மீர்வில் மேலாளர் ராண்டல் ஓஸ்பி ஒரு கண்ணியமான மனிதர். பேசுவதற்கு முன் தொப்பியைக் கழற்றிவிடுவார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலியோரத்தைக் கைகாட்டினார்.

"அதோ உங்க ஊரு லீசர் உக்காந்திருக்காரே. அவரைப் போடுங்க."

டுவேன் மூஞ்சியில் ஈயாடவில்லை. "அவரா?"

"ஆமா. சொந்த ஊருக்கு எதிராவே தீர்ப்பு சொன்ன மனுஷன். அவரைவிட நேர்மையான ஆளு எனக்கு எங்க கிடைப்பாரு?"

டுவேனுக்கு இது வெந்த புண்ணில் வேல். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கடைச் சன்னலிலிருந்து மார்லிஸின் குரல் மைதானம் முழுக்க அதிர்ந்தது.

"டுவேன்! ஆட்டத்தைத் தள்ளி வச்சேன்னா இந்த நூறு பேருக்குப் போட்ட தொத்திறைச்சியையும் நீயே தின்னுட்டுப் போ!"

கூட்டம் சிரித்தது. டுவேன் சிரிக்கவில்லை. பிளேட் அம்பயரைப் பார்த்து, "அவர்கிட்ட நீங்களே கேட்டுக்குங்க" என்றான்.

வெர்ஜில் சீஸ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் ஒன்று இருந்தது, அதை எடுக்க இன்னொரு இடம் கிடைக்காது.

"ஒரே ஒரு விஷயம். வெயில் கண்ணுல விழுந்தா நான் நிறுத்துவேன். எந்த ஊரு அடிச்சாலும், எந்த ஊரு ஜெயிச்சுக்கிட்டிருந்தாலும். அதுக்கு ரெண்டு பேரும் சம்மதம்னா நிக்கிறேன்" என்றார்.

"சம்மதம்" என்றார் ஓஸ்பி. டுவேன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். வெர்ஜில் வண்டிக்குப் போனார். இருக்கைக்குப் பின்னால் நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது. அடிப் பாவி, இதற்குத்தான் அலமாரியில் இடம் இல்லாமல் போனதா என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் நன்றாகவே போனது. வெர்ஜிலின் காலடியில் சண்டைக்குரிய பந்து எதுவும் வரவில்லை. ஏழாவது சுற்றில் ஓடில் அடிக்க வந்தபோது ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், ஒருவன் பேஸில். அடுத்து ஒருவன் சுலபமான பந்தைத் தரையோடு அடித்தான். சாதாரணமாக அவன் அவுட் ஆகியிருக்க வேண்டும். ஆனால் மீர்வில்லின் முதல் பேஸ்காரன் தனக்கு வீசப்பட்ட பந்தைக் கையுறையால் தேடினான், பந்து அவன் மணிக்கட்டில் பட்டுத் தெறித்து ஓடியது. கூட்டம் குதித்தது. இரண்டு பேர் பேஸில். அடுத்து அடிக்க வருபவன் கர்ட், ஓடிலில் அவனைவிட நன்றாக அடிப்பவன் கிடையாது.

வெர்ஜில் திரும்பி மேற்கே பார்த்தார். சூரியன் கோபுரத்தின் தோளை விட்டு இப்போதுதான் முழுசாக வெளியே வந்திருந்தது. மீர்வில் பையன் கையுறையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய நின்றான். பந்து வீசுபவனோ மிரண்டுபோய்த் தரையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். இந்த நிமிஷத்தில் கர்ட் எங்கே அடித்தாலும் ஓடிலுக்கு யோகம்தான்.

ஒரே ஒரு பந்து பொறுத்தால் போதும். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஊர் அவரைத் தோளில் தூக்கும். காபிக் கடை மேசையில் பேச்சு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மார்லிஸோடு அவரும் டுவேன் வீட்டு வாசலில் இறங்கலாம். கையைத் தூக்கினாலோ, அவ்வளவுதான், சாகிற வரைக்கும் மழை வரும்போலருக்கு, மழை வரும்போலருக்கு. இத்தனையும் அவருக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

ஆனால் போன வருஷமும் இதேபோல் ஒரு பந்துதானே பொறுத்தார்?

இரண்டு கைகளும் மேலே போயின. "வெயில்!"

கூட்டம் ஒரு கணம் நம்பவில்லை. அப்புறம் பாருங்கள், மாதா கோவிலில் வாய் திறக்காத கிழவர்கள்கூட எழுந்து நின்று கத்தினார்கள். "மீர்வில்லுக்கே குடி போயிடு!" என்று ஒருவர். "போன வருஷம் தூங்கிட்டிருந்த சூரியன் இந்த வருஷம் முழிச்சுக்கிச்சா?" என்று இன்னொருவர். டுவேன் தொப்பியைத் தரையில் வீசி அடித்துவிட்டு ஓடி வந்தான். வெர்ஜிலின் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்தினான்.

"ஏன்யா, உனக்கு அறிவு இருக்கா? எங்க பையன் நிக்கிறப்ப உன் சூரியன் எங்க போச்சு? அவனுங்க நிக்கிறப்ப மட்டும் உதிக்குதா? எங்க குடும்பத்துல பொண்ணு எடுத்துக்கிட்டு எங்க கழுத்தையே அறுக்கிறியே, நீ எல்லாம் ஒரு மனுஷனா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சான் பேசிய முதல் பேச்சு இது. எச்சில்கூட வெர்ஜிலின் கன்னத்தில் தெறித்தது. அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, பேசிவிட்டான் என்று தோன்றியது. அழுகைகூட வந்தது.

"மச்சான், நீ சொல்றது சரிதான்" என்றார்.

டுவேன் அடுத்த வசவுக்கு மூச்சு இழுத்தவன் அப்படியே நின்றான். "என்ன சரி?"

"போன வருஷமும் நிறுத்தியிருக்கணும். நேரம் வந்துடுச்சுன்னு தெரியும். நிறுத்தினா என் மருமகனுக்காக நிறுத்தினேன்னு அவனுங்க சொல்வாங்களேன்னு பயந்துட்டேன். கர்ட் பந்தைப் புடிச்சானா, அவன் கால் முந்துச்சா, எதையும் நான் பாக்கல. வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

"பாக்காமலா சேஃப்னு சொன்ன?"

"பாக்காமத்தான் சொன்னேன். சந்தேகத்துல அவுட்டுன்னு சொன்னா பெண்டாட்டி வீட்டுக்குச் சாதகமா சொன்னதா ஆயிடும். அதான் வாய் அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் நேர்மையானவன் இல்ல மச்சான். நேர்மையானவன்னு பேரு வாங்க ஆசைப்பட்டவன்."

டுவேன் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்துபோனது. "முட்டாப் பயலே" என்றான். குரலில் காரம் பாதிகூட இல்லை. தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டான்.

ஒலிபெருக்கியில் குலுக்கல் தொடங்கியது. பன்றித் தொடை யாரோ மீர்வில்காரிக்கு விழுந்தது, ஓடில்காரர்கள் அதற்கும் சேர்த்து வெர்ஜிலை முறைத்தார்கள். அவர் முதல் பேஸுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், எங்கே போவது என்று தெரியாமல். கர்ட் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தான். நல்ல உயரம், குழந்தை முகம்.

"மாமா, இந்தாங்க."

"உன்கிட்ட வாங்கிக் குடிச்சா..." என்று இழுத்தார் வெர்ஜில்.

"அட, தண்ணிதானே மாமா, குடிங்க. நீங்க அப்பாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு." அவன் காலால் பேஸைத் தேய்த்தான். "எனக்கும் தெரியாது மாமா. பந்து வந்து கையில விழுந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். அவன் கால் முன்னாடியா பின்னாடியா, சத்தியமா தெரியாது. அப்பா கேட்டாரு, நிச்சயமா அவுட்டுன்னு அடிச்சு விட்டுட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

வெர்ஜில் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார். அப்படியென்றால் அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது உலகத்தில் யாருக்குமே தெரியாது. ஒரு வருஷமாக இரண்டு குடும்பம் சாப்பாட்டு மேசையைப் பிரித்துக்கொண்டது எதற்காக? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கர்ட்டும் சிரித்தான். தூரத்தில் டுவேன் இருவரையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூரியன் ஆலைக் கூரைக்குப் பின்னால் இறங்கியது. மைதானத்தில் நிழல் ஒரே சீராகப் பரவியது. புல்லின் நுனி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகளைத் துரத்திவிட்டு எல்லாரும் இடத்துக்கு வந்தார்கள். மீர்வில்லின் பந்து வீசுபவன் ஓய்வெடுத்துத் தெம்பாக வந்திருந்தான்.

கர்ட் அடித்தான். தரையோடு, வேகமாக, இடது பக்கம். அங்கிருந்தவன் பாய்ந்து பிடித்து முதல் பேஸுக்கு வீசினான். கர்ட் உயிரைக் கொடுத்து ஓடி வந்தான். சொல்லிவைத்தது மாதிரி அதே பேஸ், அதே மாதிரி பந்து, நூலிழை வித்தியாசம். வெர்ஜில் கண்ணைப் பேஸில் வைத்தார், காதைக் கையுறையில் வைத்தார். டப் என்ற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான், ஒரு இமைப்பொழுது கழித்துத்தான், மருமகனின் கால் பேஸில் பட்டது. இவ்வளவு தெளிவாக அவர் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை.

"அவுட்!"

கூட்டம் கொதித்தது. கடைச் சன்னலில் மார்லிஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். டுவேன் மறுபடியும் ஓடி வரப் பார்த்தான். ஆனால் பேஸைத் தாண்டி ஓடிப்போய் விழுந்த கர்ட் எழுந்தான், முழங்கால் மண்ணைத் தட்டினான், கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

"அவுட்டுதான்! நான் லேட்டு!"

டுவேன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

ஓடில் தோற்றது. அதே ஒரு ஓட்டத்தில். கடைசிச் சுற்றில் மூன்று பேஸிலும் ஓடில் ஆட்கள் ஓடத் தயாராக நிற்க, வெயிலும் இல்லை, சந்தேகமும் இல்லை, அடித்த பந்து நேராக எழும்பி நேராகப் பிடிப்பவன் கையில் இறங்கியது. ஓஸ்பி தொப்பியைக் கழற்றி வெர்ஜிலுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். ஆனால் கடைக்கு முன்னால் பீர் டம்ளரோடு நின்ற கூட்டத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. "அந்த வெயில் நிறுத்தம் மட்டும் இல்லேன்னா..." என்று சிவப்பு டிராக்டர்காரர் ஒருவர் ஆரம்பித்தார். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வெர்ஜில் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலியோரம் தன் நாற்காலியை மடக்கப் போனார்.

"சும்மா இருங்கய்யா!"

குரல் டுவேனுடையது. எல்லாரும் திரும்பினார்கள். காரணம் கண்டுபிடிப்பதில் ஊரிலேயே பெரிய கை அவன்தானே.

"மூணு பேஸையும் ரொப்பி வச்சுக்கிட்டு ஒரு பந்தை உருப்படியா அடிக்கத் துப்பில்ல, சூரியனைத் திட்டுறீங்க. போன வருஷம் கடைசிச் சுற்றுல நம்ம மூணு பேரும் வரிசையா அவுட் ஆனாங்களே, அதை எந்த அம்பயர் செஞ்சான்? சூரியன் நம்ம ஊருக்கு மட்டுமா வேலைக்கு வருது?"

சிவப்பு டிராக்டர்காரர் டம்ளருக்குள் பார்த்தார். மார்லிஸ் கடைச் சன்னலில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கையில் எண்ணெய்க் கரண்டி சொட்டிக்கொண்டே இருந்தது.

டுவேன் நேராக வேலியோரம் வந்தான். வெர்ஜில் மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டிருந்த நாற்காலியைப் பிடுங்கி, ஒரே அமுக்கில் மடக்கி, தோளில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தான். வெர்ஜில் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். நாற்காலியை வண்டிக்குள் எறிந்த பிறகும் டுவேன் போகவில்லை. நிறுத்தியிருந்த வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தை விரலால் தட்டிக்கொண்டு நின்றான்.

"குளிர்காலத்துல ஏரியில ரெண்டு துளை போட்டியாமே? மார்லிஸ் சொன்னா."

வெர்ஜிலுக்குக் காது சூடானது. "பழக்கதோஷம்" என்றார்.

"ஒத்தை ஆளு, ரெண்டு துளை. லூசாப்பா நீ?"

"மூடிக்கிச்சுன்னா திரும்பத் துளைபோடுறது கஷ்டமா என்ன?"

டுவேன் மேற்கே பார்த்தான். ஆலைக் கூரைக்கு மேல் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது.

"இந்த வருஷமும் ரெண்டு போடு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், குடிசைச் சன்னலுக்கு எதிர்ப் பக்கம் எனக்கு வேணாம். சாயங்காலமானா வெயில் மூஞ்சியில அடிக்கும்."

"அடிச்சா நிறுத்திக்கலாம் மச்சான்" என்றார் வெர்ஜில்.